செவ்விளக்குகளின் கீழே

மன்னார்த் தீவின் தென்கரையில் இருள் கவிந்ததும் காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் மினுங்கத் தொடங்குகின்றன. 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட ‘தம்பபவனி’ மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் அவை. ஏறத்தாழ 100 மெகாவாட் வலுவுடையவை. நடுக்குடாப் பக்கத்து மணலில் முக்காலியை ஊன்றி இக்காட்சியைப் படம்பிடிக்கும் கலை நண்பர்கள் பெருகிவருகின்றனர். இயந்திரம் இருளில் தவம் செய்கின்றதாம், எதிர்காலம் கரையேறிவிட்டதாம்! படங்களின் கீழே இவ்வாறெல்லாம் எழுதுகின்றனர்.

படங்கள் அழகானவையே, மறுப்பார் யார்? அவ்வழகு எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதே நம் கேள்வி. இரவில் ஒளி குறைவாதலால் படப்பெட்டியின் கண்ணை இருபது, முப்பது விநாடி திறந்துவைக்கின்றனர். அசையாதது பதிகின்றது, அசைவது கரைகின்றது. கோபுரம் துலக்கமாக நிற்கும், கடல் பாலாகிவிடும், அதன் ஓரமாக வலை சுமந்து நடந்துபோன மனிதன் நிழலாகக்கூட எஞ்சமாட்டான். இது கருவியின் இயல்பு. அம்மனிதன் இல்லாத கரையையே அழகென்று கொள்வதோ கருவியின் குற்றமன்று.

கலையில் அரசியலைப் புகுத்தாதீர் என்பர் நண்பர்கள். யப்பானைச் சற்று நோக்குவோம். அங்கே ஆலைகளின் இரவுக் காட்சியைக் காணவும் படமெடுக்கவும் படகுச் சவாரிகளே நடக்கின்றன. அவ்வாறு பெயர்பெற்ற நகரங்களுள் ஒன்று யொக்கைச்சி. எண்ணெய் ஆலைகள் கக்கிய கந்தகப் புகையால் மூச்சுத்திணறிய ஒன்பது நோயாளர் ஆறு கம்பனிகள்மீது 1967இல் வழக்குத் தொடுத்து, 1972 ஜூலையில் வென்ற ஊர் அது. 2015இல் அந்நகரம் தன் மாசு வரலாற்றுக்கென ஒரு காட்சியகத்தையேனும் திறந்தது. நம்மவரிடம் விளக்குகள் மட்டுமே உள்ளன.

காற்று மின்சாரத்தை எதிர்ப்பதன்று நம் நோக்கம். நிலக்கரிப் புகையினும் அது மேலானதென்பதை மாணவரும் அறிவர். எங்கே நாட்டுவது, எவரைக் கேட்டு நாட்டுவது என்பனவே மன்னார் மக்களின் வினாக்கள். காற்றாலைகளுக்கென இட்ட பாதைகளும் மேடைகளும் மாரி வெள்ளம் வடிந்தோடும் வழியை மறிப்பதாக ஊரவர் முறையிடுகின்றனர். கரைவலைப்பாடு குன்றிவிட்டதென்பர் மீனவர். முழங்கால் நீரில் நிற்கும் முற்றத்தை எந்த முக்காலியும் நாடிச் சென்றதாகத் தெரியவில்லை. (அங்கே முக்காலி ஊன்றுவது கடினந்தான்!)

2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் தெருவில் அமர்ந்தனர். ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். தவணை கடந்தது. செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு, பொலிஸ் காவலுடன் காற்றாலைப் பாகங்கள் மன்னாருக்குள் கொண்டுவரப்பட்டன. மறித்த மக்கள்மீது பலம் பிரயோகிக்கப்பட்டது. கத்தோலிக்கக் குருமாரும் பெண்களும் அதற்குத் தப்பவில்லை. 29ஆம் திகதி மன்னார் கதவடைத்தது.

அதுவும் ஓர் இரவுக் காட்சியே. பார ஊர்திகளின் விளக்குகள் இருந்தன, மாபெரும் உருக்குப் பாகங்கள் இருந்தன, இருள் இருந்தது. ஆலை அழகில் உள்ளம் பறிகொடுத்தோர் விரும்பும் யாவும் அங்கிருந்தன. ஆயினும் அவ்விரவை நமக்குக் காட்டியவை, தள்ளுமுள்ளின் நடுவே நடுங்கும் கைகள் உயர்த்திப் பிடித்த கைத்தொலைபேசிகள். அவற்றில் பதிந்தவை மங்கலானவை, கோணலானவை. எந்தக் கண்காட்சியிலும் பரிசுபெறா. ஆனால் அவற்றில் மனிதர்களின் முகங்கள் தெரிகின்றன.