ஆன்டிவைரஸை நிறுத்துவதற்கு முன்

தைப்பூசம் நெருங்கினால் பாகான் நக்கோடா ஓமார், சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் என்று வடக்கு சிலாங்கூர் முழுவதும் உறுமி மேளக் குழுக்கள் புதுப் பாடல் பதிவில் இறங்கிவிடும். பலருக்கு ஸ்டூடியோ என்பது வீட்டின் ஓர் அறையும் ஒரு மடிக்கணினியும் இரண்டு மைக் செருகும் இன்டர்ஃபேசும்தான். அந்த அறைகளில் வாய்வழியாகப் பரவியிருக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "ரெக்கார்டிங்குக்கு முன்னால ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிடு, இல்லன்னா சத்தம் வெட்டும்."

அதில் உண்மை இல்லாமல் இல்லை. 44,100 ஹெர்ட்ஸில் பஃபரை 128 சாம்பிளில் வைத்தால் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் 2.9 மில்லிவினாடி. அதற்குள் அடுத்த துண்டு வந்து சேராவிட்டால் 'டிக்'கென்று ஒரு வெட்டு விழும். ஆன்டிவைரஸோ திறக்கப்படும் ஒவ்வொரு ஃபைலையும் நிறுத்திப் பார்க்கும். சாம்பிள் நூலகத்திலிருந்து நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை இழுத்து வாசிக்கும் கருவி இருந்தால் அந்தத் தாமதம் காதில் தெரியும். தவிலின் அடியில் வெட்டு மறைந்துகொள்ளும். உறுமியில் மறையாது. வளைந்த குச்சி தோலை உரசி இழுக்கும் அந்த நீண்ட முனகலின் நடுவே விழுந்தால் அந்த டேக் போனதுதான்.

ஆனால் பதிவு என்ற வேலை மட்டும் கணினிக்குப் பெரிய பாரமே இல்லை. 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு டிராக் வினாடிக்கு 144 கிலோபைட்தான் எழுதுகிறது. எட்டு டிராக்கைச் சேர்த்தாலும் ஒரு மெகாபைட்டைச் சற்றே தாண்டும். வெட்டு வந்ததும் பழியை ஆன்டிவைரஸ் மேல் போடுகிறோம். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பாருங்கள்: வைஃபை டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ மின்சிக்கன அமைப்போ பலமுறை சிக்கும். முதலில் வைஃபையை அணையுங்கள். பாடகருக்கு இன்டர்ஃபேசின் நேரடி மானிட்டரிங்கைக் கொடுத்துவிட்டால் பஃபரைத் தாராளமாக 512க்கு உயர்த்தலாம். பெரும்பாலான தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

நமக்கு உண்மையான கவலை வேறு. கிராக் செய்த ப்ளகின்களோடு வரும் குறிப்பும் இதே அறிவுரையைத்தான் சொல்கிறது: நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்து. பதிவுக்காக நிறுத்திப் பழகிய கை இதற்கும் யோசிக்காமல் நிறுத்துகிறது. 2019 ஜூனில் ஈசெட் நிறுவனம் லவுட்மைனர் என்ற தீநிரலைப் பற்றி வெளியிட்ட ஆய்வை நம் துறையினர் அவசியம் அறிந்திருக்க வேண்டும். 2018 ஆகஸ்டிலிருந்து ஒரே ஓர் இணையதளத்தில், 137 இசை மென்பொருள்களின் திருட்டுப் பிரதிகளுக்குள் அது ஒளிந்திருந்தது. 42 விண்டோஸுக்கு, 95 மேக்குக்கு. கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓடவிட்டு, அதில் கிரிப்டோ நாணயம் தோண்டும் வேலை. இசைக்காரர்களைக் குறிவைக்கக் காரணமும் புரிகிறது: நம் கணினிகள் வலுவானவை, பிராசசர் திணறினாலும் மிக்ஸிங் பாரம் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுவோம். எந்த வெட்டுக்கு அஞ்சி ஆன்டிவைரஸை நிறுத்தினோமோ, அதையே இது கொண்டுவந்து சேர்க்கும். மறு ஆண்டு மேக்கில் தீஃப்குவெஸ்ட் வந்தது. ஏபிள்டன் லைவின் திருட்டுப் பிரதியிலும் அது இருந்தது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது.

கைச்செலவுக்கே இழுபறியாக இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கு என்று சொல்வது எளிது. அதை நாம் சொல்லவில்லை. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளின் குறைந்த விலை உரிமம் 60 அமெரிக்க டாலர், அதற்கு முன் 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். டிராக்‌ஷனின் வேவ்ஃபார்ம் ஃப்ரீ இலவசமாகவே கிடைக்கிறது.

ஆன்டிவைரஸை முழுதாக நிறுத்துவதற்குப் பதில் விலக்குக் கொடுங்கள். விண்டோஸ் டிஃபெண்டரில் பதிவு ஃபைல்கள் சேரும் ஃபோல்டருக்கும் சாம்பிள் நூலகத்துக்கும் விலக்குக் கொடுத்தால் போதும். ப்ளகின் ஃபோல்டருக்குக் கொடுக்காதீர்கள், ஓடக்கூடிய நிரல் அங்கேதான் இருக்கிறது. பதிவு மென்பொருளுக்கே விலக்குக் கொடுப்பதும் ஆபத்து. அது திறக்கும் ஃபைல்கள் எல்லாம், ப்ளகின் உட்பட, நிகழ்நேரச் சோதனையிலிருந்து தப்பிவிடும். நள்ளிரவு தாண்டிப் பதிவு செய்பவர்கள் விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றாமல் விட்டால் அது அதிகாலை 2 மணி. அப்படியும் வெட்டு நிற்கவில்லையா? இணையத்தை முழுதாகத் துண்டித்துவிட்டு, அந்த ஒரு டேக்குக்கு மட்டும் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள். அந்நேரம் யாருடைய பென்டிரைவையும் செருக விடாதீர்கள், மேளக்காரர் அண்ணனே கொண்டுவந்தாலும் சரி.

பாட்டிமார் பாடித் தரும் தாலாட்டையும் ஒப்பாரியையும் சிலர் இதே மடிக்கணினிகளில் பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டிமாரில் சிலர் இன்று உயிரோடு இல்லை. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், கணினியில் செருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் விட்டுவைக்காது. ஆகவே அன்றன்றைய பதிவை இரண்டு டிஸ்க்குகளில் நகலெடுங்கள். நகல் முடிந்ததும் இரண்டையும் கழற்றி வையுங்கள், ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும்.