பதினாறு வயதுக்கு வீட்டிலேயே ஒரு விருந்து



சென்ற மாதம் பள்ளி விடும் நேரத்தில் ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். அவர் மகள் என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். இப்போது பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம். பதினாறு வயது நிறையப் போகிறது.

"கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் கொண்டாட வேண்டும் என்கிறாள், டீச்சர். மண்டபம் எடுத்து, கேக்குக்கும் சாப்பாட்டுக்கும் சொன்னால் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி ஆகுமாம். சங்கிலியை வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அப்படியானால் ஒருவர் ஒரு மாதம் வெயிலிலும் மழையிலும் உழைத்த காசு ஒரு மாலைப் பொழுதில் கரைந்துவிடும். உரிமம் பெற்ற அடகுக் கடையில் மாதத்திற்கு நூற்றுக்கு 2 வெள்ளி வட்டி என்றாலும், ஆறு மாதத்தில் 180 வெள்ளி வட்டி மட்டுமே ஆகிறது. அதற்குள் மீட்காவிட்டால் சங்கிலியும் போய்விடும். உரிமம் இல்லாதவரிடம் கைநீட்டினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாத் தோட்டத்திலும் அதற்கு ஒரு கதை இருக்கிறது.

"யார் யாரை அழைக்கப் போகிறாளாம்?" என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். எத்தனை பேர்? அதுவும் தெரியவில்லை. மண்டபத்தின் வாடகை மட்டும் தெரிந்திருந்தது!

பிள்ளைக்கு ஒரு வயது நிறையும்போது நாம் வைக்கும் விருந்து நமக்காக வைப்பது. பிள்ளை பாதி நேரம் அழும், மீதி நேரம் தூங்கும். உற்றார் உறவினர் வந்து சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் போவார்கள். அது ஒரு வகை. பதினாறு வயதில் பிள்ளைக்கு மாமன் சித்தப்பன் கூட்டம் பெரிதில்லை. பத்துப் பன்னிரண்டு கூட்டாளிகள் வந்தால் போதும். அவர்களோடு சிரித்துப் பேச ஒரு இடம், தின்ன ஏதாவது, கேட்கப் பாட்டு. இதற்கு மண்டபம் எதற்கு?

பிறகு ஏன் பிள்ளை வீட்டுக்கு வேண்டாம் என்கிறது? இதை நாம் கூச்சப்படாமல் பேசிவிட வேண்டும். லயத்து வீட்டைக் கூட்டாளிகள் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கம்தான். பட்டணத்துப் பள்ளிக்குப் போன பிறகு வருகிற நோய் இது. அந்த வயதில் யாருக்குத்தான் இல்லை? ஆனால் மண்டபம் எடுத்தால் இந்த வெட்கம் தீராது, இன்னும் வேர் விடும். எதற்காக மண்டபம் எடுத்தோம் என்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். நம் அம்மாவுக்கும் இந்த வீட்டைக் காட்ட வெட்கம் என்று அது மனத்தில் எழுதிக்கொள்ளும். அந்த எழுத்தைப் பிறகு அழிப்பது கடினம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பையனின் பிறந்த நாளுக்குப் பட்டணத்துக் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அஞ்சடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பையன் முகத்தில் முதலில் ஈயாடவில்லை. வந்த பையன்களில் ஒருவன் சுவரோரம் சாத்தியிருந்த நீளக் கம்பைப் பார்த்து, இது என்ன என்று கேட்டான். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அரிவாளின் உறையைக் கழற்றாமலே, உயர்ந்த மரத்தில் பழுத்த குலையை எப்படிக் கண்டுபிடிப்பது, இருபது கிலோ குலை தலையில் விழாமல் எங்கே நின்று இழுப்பது என்று அவர் சொல்லத் தொடங்கினார். பையன்கள் சாப்பாட்டை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகனும் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்கு முன் அவன் அப்பாவிடம் அதைக் கேட்டதே இல்லையாம்.

சரி, காரியத்துக்கு வருவோம். பிறந்த தேதியன்று காலையில் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, விருந்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கைக்கு வந்த பிறகு வரும் முதல் ஞாயிறு உத்தமம். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியட்டும். செம்பனைக் காட்டுப் பாதையில் இருட்டிய பிறகு பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போவது நல்லதன்று. இத்தனை பேர் வருகிறார்கள் என்று வாசலில் இருக்கும் ஜாகாவிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள். வந்த பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தால் உங்கள் பிள்ளைக்குத்தான் அவமானம்.

பெண்பிள்ளையாக இருந்தால் "ஆண்பிள்ளைகளும் வருவார்களா?" என்று தாய்மார்கள் கலங்குகிறார்கள். ஒரே வகுப்பில் படிக்கிறவர்கள் வரத்தான் செய்வார்கள். நம் கண் எதிரில், நம் வீட்டு அஞ்சடியில் வருவது மேல் அல்லவா? நீங்கள் வீட்டில் இருங்கள். ஆனால் தலைமாட்டில் நிற்காதீர்கள். குசினியில் உங்களுக்கு வேலை இருக்கும்.

இனி பலகாரம். பதினைந்து பேருக்குச் சொல்கிறேன். மீகூன் 400 கிராம் பொட்டலம் மூன்று போதும், வீட்டாருக்கும் வரும். வெந்நீரில் போட்டுக் குழைத்துவிடாமல் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து வடித்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு, அரைத்த மிளகாயை எண்ணெய் பிரியும் வரை வதக்கி, முட்டைக்கோஸ், காரட், சாவிக் கீரை சேர்த்து, பிறகு மீகூனைப் போட்டுக் கிளறுங்கள். தவ்கேயைக் கடைசியில் போட்டால்தான் நொறுநொறுவென்று இருக்கும். இதில் இறைச்சி, இறால் எதுவும் வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கறிபாப் இல்லாமல் நம் நாட்டில் விருந்து உண்டா? ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 200 கிராம் மார்ஜரினை உருக்கிச் சூடாக ஊற்றி, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். நாற்பதுக்குக் குறையாமல் வரும். ஒன்றரைக் கிலோ உருளைக்கிழங்கைச் சிறு சதுரமாக நறுக்கி, வெங்காயம், கறிவேப்பிலை, மசாலைத் தூளோடு வதக்கி, தண்ணீர் சுண்டும் வரை வேக விடுங்கள். உள்ளீடு நன்றாக ஆறிய பிறகுதான் மடிக்க வேண்டும். சூட்டோடு மடித்தால் ஓரம் பிரிந்து எண்ணெய் முழுதும் மசாலை ஆகிவிடும். ஓரம் மடிக்கிற வேலையைப் பிறந்த நாள் பிள்ளையிடமே கொடுங்கள். மகனானாலும் கொடுங்கள். உருளைக்கிழங்கு தோல் சீவினால் ஆண்பிள்ளைக்கு மீசை முளைக்காமல் போய்விடாது.

கேக்குக்கு அடுமனை அடுப்பு இல்லையே என்பார்கள். இட்லிப் பானை இருக்கிறதல்லவா? ஐந்து முட்டையோடு 200 கிராம் சீனியைச் சேர்த்து, வெளுத்துக் கெட்டியாகும் வரை அடிக்க வேண்டும். கையால் அடித்தால் இருபது நிமிடம் பிடிக்கும். வீட்டில் இருக்கும் பிள்ளைகள் மாறி மாறி அடிக்கட்டும். சலித்த மாவு 200 கிராமை மூன்று தடவையாகத் தூவி, கரண்டியால் மெல்லக் கலந்து, கடைசியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் வெண்ணிலா. எட்டு அங்குலத் தகரத்தில் எண்ணெய் தடவி ஊற்றுங்கள். பானைத் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். மூடியைத் துணியால் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியில் சேர்ந்த நீர் சொட்டி மேல்புறம் குழி குழியாகிவிடும். நாற்பது நிமிடம். முதல் அரை மணி நேரம் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பஞ்சு போல் வரும். மேலே கிரீம் பூச வேண்டியதில்லை. நம் வெயிலுக்கு அது கேக்கில் நிற்காமல் தட்டுக்கு வந்துவிடும். பழக்கூழை மெல்லத் தடவினால் போதும். பதினைந்து பேருக்கு இரண்டு கேக்காகச் செய்துகொள்ளுங்கள்.

அகார் அகார் தூள் 10 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், 150 கிராம் சீனி, முடிச்சுப் போட்ட பாண்டான் இலை இரண்டு. தூள் முழுதும் கரையும் வரை கிளறிக் கொதிக்க விட்டுத் தட்டில் ஊற்றினால் பெட்டியில் வைக்காமலே உறைந்துவிடும், வெயிலிலும் இளகாது. ஜெலட்டின் வாங்கிவிடாதீர்கள். அது மாட்டின் அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவது.

இப்போது மீகூனில் இறைச்சி வேண்டாம் என்றதற்கு வருகிறேன். மகளின் கூட்டாளிகளில் மலாய்ப் பிள்ளைகள் இருப்பார்கள். சீனப் பிள்ளைகள் இருப்பார்கள். புரட்டாசி மாதமானால் நம்மிலேயே பாதிப் பேர் சைவம். காய்கறியாகச் செய்துவிட்டால் சங்கடம் பாதி குறைந்தது. எண்ணெய், மார்ஜரின், சாஸ் முதலிய கடைச் சாமான்களை ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். காகிதத் தட்டு, காகிதக் குவளை வையுங்கள். அப்படியும் சில பிள்ளைகள் நம் வீட்டுப் பாத்திரத்தில் சமைத்ததை உண்ணத் தயங்கக்கூடும். வற்புறுத்தாதீர்கள், முகம் கோணாதீர்கள். வாழைப்பழம், பப்பாளி, பொட்டலத் தண்ணீர் என்று பக்கத்தில் ஏதாவது இருக்கட்டும். நோன்பு மாதத்தில் பிறந்த நாள் வந்தால் விருந்தைப் பெருநாளுக்குப் பின் தள்ளி வைத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

குடிக்க ரோஸ் சிராப் இருக்கவே இருக்கிறது. எலுமிச்சம் பழம் பிழிந்துவிட்டால் சீனியைக் குறைக்கலாம். 2023ஆம் ஆண்டு நாடளாவிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். விருந்தன்று ஒரு நாளைக்குப் பரவாயில்லை என்று நாம் சொல்லும் அந்த ஒரு நாள் வாரத்துக்கு மூன்று தடவை வந்துவிடுகிறது.

இன்னொன்று, நேரம். சமைத்த உணவை நான்கு மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொல்கிறது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இதில் நாங்கள் கறாராக இருக்கிறோம். ஆகவே மூன்று மணி விருந்துக்கு விடியற்காலையிலேயே மீகூன் கிளறி வைத்துவிடாதீர்கள். கேக்கும் அகார் அகாரும் காலையில் ஆகட்டும், மீகூன் ஒரு மணிக்குமேல். தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் இந்த வெப்பத்தில் வேண்டாம். நாசி லெமாக் செய்ய ஆசைப்பட்டால் அதைக் காலைப் பசியாறலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லயத்துப் பிள்ளைகளை என்ன செய்வது என்பது பெரிய கேள்வி. ஒரு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் வந்து நிற்கத்தான் செய்யும். விரட்ட முடியுமா? விருந்து தொடங்குமுன் இடத்து வீட்டுக்கும் வலத்து வீட்டுக்கும் ஆளுக்கொரு தட்டு அனுப்பிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு என்று முன்கூட்டியே கேக்கில் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டில் இந்தோனேசியர், வங்காளதேசத்தார் இருந்தாலும் அவர்களும் அக்கம் பக்கத்தார்தான்.

அப்பாமார்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் கூட்டாளிகளுக்கு அன்று அழைப்பு இல்லை. கேக் வெட்டிய கையோடு பின்பக்கம் போத்தல் திறக்கிற வழக்கம் எத்தனை பிறந்த நாளைக் கெடுத்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். உங்களிடம் சொல்ல மாட்டார்கள், என்னிடம் கட்டுரை நோட்டில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த நாள் பள்ளியில் அந்தக் கூட்டாளிகள் முகத்தில் விழிக்க வேண்டியவர் நீங்கள் அல்ல. மூன்று மணி நேரம்தானே? சட்டையை மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சிராப் ஊற்றிக் கொடுங்கள்.

மெழுகுவத்தியை ஊதி அணைப்பதா, குத்துவிளக்கை ஏற்றுவதா என்று சிலர் ஆண்டுதோறும் வாதாடுகிறார்கள். பிள்ளை எதைக் கேட்கிறதோ அதைச் செய்யுங்கள். காலையில் விளக்கு, மாலையில் மெழுகுவத்தி என்று வைத்தாலும் யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

ஆறு மணிக்கு மிச்சமிருக்கும் கறிபாப்பைப் பொட்டலம் கட்டிப் போகிறவர்கள் கையில் கொடுங்கள், ஜாகாவுக்கும் இரண்டு வையுங்கள். மீகூன் மிச்சமானால் ஆசைப்பட்டு மறுநாளைக்கு மூடி வைக்க வேண்டாம். பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்ததும் செய்தி அனுப்பச் சொல்லி, உங்கள் பிள்ளையிடம் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேர் போனார்கள் என்றால் பத்துச் செய்தியும் வரும் வரை கைத்தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். பாத்திரங்களை அதற்குள் கழுவி முடித்துவிடலாம்.