மலைப்பாதை யாருடையது?

ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும் ‘பெக்கோ’ மலைப்பாதை 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. 22 பகுதிகளைக் கொண்டது. நடப்போர் வசதிக்காகப் பகுதிகள் எளிது, கடினம் எனத் தரம் பிரிக்கப்பட்டுள்ளன. அதே சரிவில் கொழுந்துக்கூடையுடன் நாள்தோறும் ஏறும் பெண்ணின் நடையை எவரும் தரம் பிரித்திலர்.

தேயிலையின் கதையென்றால், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரே முதலில் நினைவுகூரப்படுகின்றார். காடழித்துப் பாதை வெட்டிய தென்னிந்தியத் தொழிலாளருக்குப் பெயரில்லை. அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது.

உல்லாசப் பயணத்தால் தோட்ட மக்களும் பயனடைவர் என்பர் சிலர். விடுதியறையோ தேநீர்க்கடையோ அமைப்பதற்குச் சொந்த நிலம் வேண்டும். லயத்துக் காம்பராவுக்குக் காணியுறுதி இல்லாத குடும்பம் எதனைக் கொண்டு தொழில் தொடங்கும்? வருமானம் நிலமுடையோரையே சேரும்; ஏனையோர் பயணிகளின் நிழற்படங்களிற் காட்சிப்பொருளாவர்.

மலையில் நடத்தல் குற்றமன்று. மலையகத்தை அறிய அது நல்வழியுங்கூட. ஆயின், பாதை வெட்டியோரின் வரலாறு வழியெங்கும் பொறிக்கப்படல் வேண்டும். அவர்தம் சந்ததியினர் வாழும் மண்ணுக்கு உறுதி வழங்கப்படல் வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறாதவரை, மலையழகு பற்றிய பேச்சு உழைப்பை மறைக்கும் பேச்சேயாகும்.