துரையப்பா அரங்கின் திறவுகோல் யாரிடம்?

ஒரு நகருக்குப் பொது அரங்கு எதற்கு? பந்தடிக்க, ஓட, கூட்டம் கூட, இசை கேட்க, விழா எடுக்க. அதனை இன்று யாருக்குக் கொடுப்பது, நாளை யாருக்கு மறுப்பது என்பதை அந்நகர மக்கள் தெரிவுசெய்த சபை தீர்மானிக்க வேண்டும். யாழ்ப்பாண மாநகரசபைக்குரிய துரையப்பா விளையாட்டரங்கு இந்த எளிய விதிக்கு உட்பட்டிருந்த காலம் மிகக் குறைவு என்பதே எனது குற்றச்சாட்டு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அரங்கு தாங்கியிருக்கும் பெயரிலிருந்தே தொடங்கலாம். அல்பிரட் துரையப்பா நகர முதல்வராக இருந்தபோதுதான், 1974 ஜனவரியில், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. ஜனவரி 10ஆம் திகதி இறுதிநாட் கூட்டத்திற்கு மாநகரசபையின் திறந்தவெளி அரங்கு திறக்கப்படவில்லை. தவறு எவருடையது என்ற வாதம் அரை நூற்றாண்டாக ஓயவில்லை. அதற்குள் நான் இப்போது இறங்கவில்லை. கதவு பூட்டியிருந்ததால் மக்கள் வீரசிங்கம் மண்டபத்தின் முன்றிலில் திரண்டார்கள். பொலிஸார் புகுந்தார்கள், கண்ணீர்ப்புகை அடித்தார்கள், சுட்டார்கள். மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. இறந்தவர்களுக்கான நினைவுத் தூண்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வழிபடச் சென்ற துரையப்பாவும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் இன்றுவரை விளையாட்டரங்கை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

அடுத்து 1981. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கென்று தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிஸார் தங்கவைக்கப்பட்டது இதே விளையாட்டரங்கில். பொது நூலகம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. மே 31 இரவும் அதற்குப் பின்னரும் என்ன நடந்தது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நூலகத்தைப் பற்றி நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதிய நாம், எரித்தவர்கள் எங்கே படுத்து எழும்பினார்கள் என்பதை ஏனோ அதிகம் எழுதவில்லை. நகரத்தின் நூலகத்தை எரிக்கப் போனவர்கள் நகரத்தின் மைதானத்திலிருந்தே புறப்பட்டார்கள். இரண்டுக்கும் உரிமையாளர் ஒரே மாநகரசபை!

பின்னர் போர். கோட்டைக்கு அருகில் இருந்த அரங்கு யாருக்கும் பயன்படாமல் சிதைந்தது. 1999 ஏப்ரலில் அதனைத் திருத்தத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புக்கூடுகள் வந்தன. சுமார் 25 பேருடையவை. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதி காக்கும் படை நிலைகொண்டிருந்த காலத்துக்குரியவை என்ற கருத்தே அன்று பரவலாக நிலவியது. இறந்தவர்கள் யார், யாருடைய பிள்ளைகள் என்ற கேள்வியைத் தொடர்ந்து கேட்கும் நிலையில் நகரசபையும் இருக்கவில்லை. முந்திய ஆண்டு மே மாதத்தில் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். செப்டெம்பரில் அவருக்குப் பின்வந்த பொன். சிவபாலன் குண்டுவெடிப்பில் மாண்டார். ஒரே ஆண்டில் இரண்டு முதல்வர்களை இழந்த சபையிடம் எலும்புகளுக்காக வாதாடு என்று யார் சொல்வது?

2016 ஜூன் 18இல் அரங்கு புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. செலவு இந்திய அரசினுடையது, இந்திய நாணயத்தில் 7 கோடி ரூபாய். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரில் வந்தார். பிரதமர் நரேந்திர மோடி டில்லியிலிருந்து காணொளி வழியாகப் பேசினார். மாணவர்கள் யோகாசனம் செய்தார்கள். உதவியை நான் குறை சொல்லவில்லை. உதைபந்தாட்டமும் மெய்வல்லுநர் போட்டிகளும் அங்கு நடப்பது நல்லதே. ஆனால் அந்த 25 பேருக்கு அவ்வளாகத்தில் ஒரு கல்லாவது நட்டால் என்ன என்று எந்த மேடையிலிருந்து கேட்டார்கள்? பணம் தந்தவருக்கு அது சங்கடம், பெற்றுக்கொண்டவருக்கும் சங்கடம்.

“பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பிணங்களைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைகள் நன்றாக விளையாடட்டும். வாசலில் நான்கு வரி பொறித்த ஒரு கல் எந்தப் பந்தையும் தடுக்காது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில், எரியூட்டி அமைக்கத் தோண்டிய இடத்திலிருந்து தொடங்கி 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இந்த மண்ணில் கட்டடம் கட்டப் போகிறவன் எலும்பைச் சந்திக்காமல் போவது அரிதாகிவிட்டது. துரையப்பா அரங்கில் மறந்ததைச் செம்மணியில் மறக்கக் கூடாது என்று கேட்பதற்கு முதலில் துரையப்பா அரங்கை நினைவில் வைத்திருக்க வேண்டும் அல்லவா?

நூலகத்துக்கு அருகே எழுந்த பண்பாட்டு மையத்தின் கதையும் இதற்குத் தம்பிதான். இந்தியா கட்டித் தந்தது, 600 இருக்கை கொண்ட மண்டபத்துடன். 2023 பெப்ரவரியில் கையளித்தார்கள். செலவைத் தாங்க மாநகரசபைக்கு வசதியில்லை என்றார்கள். அடுத்த மாதமே உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே வரை நகருக்குத் தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லாமற் போயிற்று. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயரை வைத்தபோது யாழ்ப்பாணம் என்ற சொல் விடுபட்டது என்று பெரும் ஆரவாரம் எழுந்தது. சில நாள்களில் சொல் மீண்டது. ஆரவாரம் நியாயமே. ஆயினும் அதில் ஒரு பங்கையாவது மண்டபத்துக்கு யார் அனுமதி தருவது, வாடகை எவ்வளவு, பணம் எங்கே சேருகிறது என்ற கேள்விகளுக்குச் செலவிட்டோமா? வள்ளுவரின் பெயருக்காகக் கொடி பிடித்தவர்களில் எத்தனை பேர் கணக்கேட்டைக் கேட்டார்கள்?

2025 மேயில் தெரிவாகி வந்த சபையிடம் கேட்பதற்கு என்னிடம் இரண்டே விடயங்கள் உள்ளன. விளையாட்டரங்கும் திறந்தவெளி அரங்கும் எந்த நாளில் யாருக்கு, என்ன கட்டணத்துக்குக் கொடுக்கப்பட்டன, யாருக்கு ஏன் மறுக்கப்பட்டன என்ற விபரத்தை மாதந்தோறும் மாநகரசபை வாசலில் ஒட்டுங்கள். துரையப்பா விளையாட்டரங்கின் நுழைவாயிலில் 1981, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் அவற்றில் அங்கு நடந்ததையும் கல்லிற் பொறியுங்கள். இவ்விரண்டுக்கும் டில்லியின் பணமும் வேண்டாம், கொழும்பின் அனுமதியும் வேண்டாம்.