கட்டாய ராணுவச் சேவை: அஞ்சுவதற்கு முன் பிள்ளையிடம் கேட்டோமா?



2025 மே மாதம் எல்லையில் மோதல் நடந்த நாட்களில் ஒரு செய்தி நம் மஹல்லாவில் கைபேசிக்குக் கைபேசி தாவியது. பதினெட்டு வயது நிறைந்த ஆண்பிள்ளைகள் அனைவரையும் ராணுவத்துக்கு அழைக்கும் சட்டம் மீண்டும் வரப்போகிறது என்பதே அச்செய்தி. அனுப்பியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. ஆனால் காதர்பேட்டைக் கடைகளில் தொடங்கி காங்கேயம் சாலைப் பக்கத்து வீடுகள் வரை அதைப் படிக்காதவர் இல்லை. மே 7 அன்று நாடு முழுவதும் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. தமிழகத்தில் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடந்தது. அதே வாரத்தில், டெரிட்டோரியல் ஆர்மியில் இருப்பவர்களைப் பணிக்கு அழைக்கும் அதிகாரம் ராணுவத் தளபதிக்கு வழங்கப்பட்டது. அப்படையின் ஒரு பட்டாலியன் பக்கத்துக் கோவையிலேயே இருக்கிறது. வதந்திக்கு இவ்வளவு விறகு போதாதா?

மக்தப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்த தாய்மார்கள் வாசலில் நின்று நம்மிடம் கேட்டார்கள்: "ஹஜ்ரத், நம்ம பசங்கள புடிச்சிட்டுப் போயிருவாங்களா?"

டெரிட்டோரியல் ஆர்மி என்பது விரும்பிச் சேர்ந்தவர்களின் படை. ஏற்கெனவே பெயர் கொடுத்தவர்களைத்தான் அழைப்பார்கள் என்று விளக்கினோம். பாதிப் பேர் ஆறுதலடைந்தார்கள். மீதிப் பேரின் முகத்தில் ஐயம் நீங்கவில்லை. அந்த ஐயத்தை முன்வைத்தே இதை எழுதுகிறோம். நம் சமுதாயம் இவ்விஷயத்தில் பேசும் முறை நமக்கு உவப்பாயில்லை.

'மீண்டும்' என்ற சொல்லே முதலில் பிழை. ஜெர்மனிக்கு அச்சொல் பொருந்தும். 2011இல் நிறுத்தி வைத்த கட்டாயச் சேவையை ஒட்டி 2025 டிசம்பரில் புதிய சட்டம் இயற்றி, பதினெட்டு வயது ஆண்கள் கேள்விப் படிவத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். லாத்வியா, லிதுவேனியா போன்ற நாடுகளில் அது திரும்பவே வந்துவிட்டது. இந்தியாவில் இந்தியருக்கு அப்படியொரு சட்டம் வெள்ளையர் காலத்திலும் இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் போரிட்டதும் பெயரளவில் தன்விருப்பத்தின் பேரிலேயே. பெயரளவில் என்று சொல்லக் காரணமுண்டு: முதல் உலகப் போரில் பஞ்சாபின் கிராமங்களுக்கு ஆள்கணக்கு விதித்து நெருக்கிய கதையை வரலாறு படித்தவர்கள் அறிவர்.

அதற்காக, 'அது இங்கே வரவே வராது, சட்டத்தில் இடமில்லை' என்று சொல்லும் நம் படித்த சகோதரர்களின் பேச்சும் சரியன்று. அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கொத்தடிமை முறையைத் தடை செய்துவிட்டு, அதே மூச்சில், பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாயச் சேவையை விதிக்கலாம் என்றும் சொல்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு பாகுபாடு காட்டக்கூடாது என்பதே அதன் நிபந்தனை. மருத்துவர்களையும் பொறியாளர்களையும் நாட்டுப் பணிக்கு அழைக்க வழிசெய்யும் தேசியச் சேவைச் சட்டம் 1972இலேயே இயற்றப்பட்டது. மத்திய, மாநில அரசுகளின் கெஜட்டட் பதவிகளுக்கு நேரடியாக வர விரும்புவோர் ஐந்தாண்டு ராணுவத்தில் பணியாற்ற வேண்டும் என்று நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறைக் குழு 2018இல் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகவில்லை. ஆனால் கதவு இருக்கிறது. இன்று சாத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

வதந்தியை நம்புவது எவ்வளவு பெரிய தீங்கு என்பதற்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறோம். 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இருந்த ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி படையின் முஸ்லிம் சிப்பாய்களிடையே, துருக்கிக்கு எதிராகத் தங்களை அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு பரவியது. உண்மையில் அவர்கள் அனுப்பப்படவிருந்தது ஹாங்காங்கிற்கு. கலகம் மூண்டது. முடிவில் 47 பேர் சிறைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செய்தியைத் தீர விசாரித்து அறியுமாறு ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஜும்ஆவில் அதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, பள்ளிவாசல் படியிறங்கும் முன்னரே அடுத்த செய்தியை அனுப்புகிறோம்.

இனி, வீடுகளில் நாம் கேட்கும் மறுமொழிகளுக்கு வருவோம். 'எம்புள்ளைய விடமாட்டேன்' என்பது ஒன்று. அது தாயின் குரல். அதை எவரும் பழிக்க முடியாது. மற்றது ஆண்களின் திண்ணைப் பேச்சு: 'நம்மள எங்க எடுக்கப்போறாங்க? நமக்கு என்ன கவலை?' இந்தப் பேச்சை நாம் வன்மையாக எதிர்க்கிறோம்.

கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூரில் குடியேறிய நம் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே 1967இல் தேசியச் சேவை கட்டாயமானது. தொடக்க ஆண்டுகளில் மலாய் முஸ்லிம் இளைஞர்களில் பெரும்பாலோர் அழைக்கப்படவில்லை. நம் திண்ணைக்காரர்கள் அன்று அங்கிருந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்றிருப்பார்கள். நடந்தது என்ன? சேவையை முடித்தவனா, விலக்குப் பெற்றவனா என்று கேட்ட முதலாளிகள், இரண்டுமில்லாமல் நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கத் தயங்கினார்கள். அழைக்கப்படாதது சலுகையாக அமையவில்லை. நம்பப்படாதவன் என்ற முத்திரையாக அமைந்தது. நம்மை நம்பாமல் ஒதுக்குவதைப் பாதுகாப்பு என்று மகிழும் மனம், நாளை பள்ளியில் ஒதுக்கினாலும் வங்கியில் ஒதுக்கினாலும் அப்படியே மகிழுமோ?

1948இல் ஜங்கரில் உயிர்நீத்த பிரிகேடியர் உஸ்மானையும், 1965 போரில் வீழ்ந்து பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதையும் பயான்களில் நினைவுகூர்கிறோம். நன்று. ஆனால் அவர்களின் பெயரை நம் நாட்டுப்பற்றுக்குச் சான்றிதழாக நீட்டும் பழக்கம் நமக்கு உடன்பாடில்லை. அவர்கள் விரும்பிச் சென்றவர்கள். அந்த விருப்பம்தான் அவர்களின் பெருமை.

விருப்பம் என்ற அந்த இடத்தில்தான் நாம் நிற்க வேண்டும். 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபோதும் கட்டாயச் சேவையின் முதற்படி இது என்ற பேச்சு நம் வீடுகளில் எழுந்தது. அதே வாரம் பீகாரில் இளைஞர்கள் ரயில்களைக் கொளுத்தினார்கள். தங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அவர்கள் அஞ்சவில்லை. நிரந்தரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்களே என்பதுதான் அவர்களின் கோபம். நான்கே ஆண்டு, அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நீடிக்க முடியும், மற்றவர்க்கு ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் கையில், ஓய்வூதியம் கிடையாது. அந்த இளைஞர்களின் அண்ணன்மார் நம் ஊர்க் கம்பெனிகளில் நம் பிள்ளைகளுக்குப் பக்கத்து மெஷினில் அமர்ந்திருந்தார்கள். ஒரே திட்டம், ஒரு மெஷினில் ஏக்கம், அடுத்த மெஷினில் அச்சம். 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குச் சென்ற முதல் அணிக்கு 2026 இறுதியோடு நான்காண்டு நிறைகிறது. நீடிக்க இயலாமல் திரும்பி வருவோருக்கு என்ன வேலை இருக்கிறது என்பதையும் அப்போது பார்க்கத்தான் போகிறோம்.

அந்த 2022இல் நாம் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதும் தகுதி நமக்கில்லை.

நம் மக்தபில் ஓதிய ஒரு தம்பி. அப்போது இருபது வயது. பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டுக் கைமடியாக வேலைக்குப் போனவன், ஓவர்லாக் தைக்கக் கற்றிருந்தான். ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் தினமும் ஓடுவான். எதற்கு என்று கேட்டதற்கு, கோவை ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் நம் மாவட்டத்துக்கும் உரியது, அக்னிவீருக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றான். சில நாளில் அவனுடைய தாய் அழுதுகொண்டு வந்தார். "நீங்க சொன்னா கேப்பான் ஹஜ்ரத்." அவனை அழைத்தோம். போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், உன் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று வினவி, அவர்களுக்குச் செய்யும் பணிவிடையிலேயே உன் முயற்சி இருக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பிய செய்தியை எடுத்துரைத்தோம். புகாரியில் உள்ள ஹதீஸ், ஐயமில்லை. தம்பி தலைகுனிந்து கேட்டான். மறுநாள் முதல் ஓடவில்லை.

நாம் அன்று சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. அந்தத் தாயின் கண்ணீரில் பிள்ளைப் பாசம் இருந்தது. அக்காவின் திருமணத்துக்கு வாங்கிய கடனும் இருந்தது. அவன் போய்விட்டால் சனிக்கிழமைக் கூலியை யார் கொண்டுவருவது என்ற கவலை நமக்கும் தெரிந்தே இருந்தது. அக்னிவீருக்கு முதலாண்டில் மாதம் 21,000 ரூபாய் கையில் கிடைக்கும். அதிலும் வீட்டுக்குப் பணம் வரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. கூலியின் மீதிருந்த அச்சத்துக்கு ஹதீஸைப் போர்த்திக் கொடுத்தோம். ராணுவத்துக்குப் போவதே சிறந்தது என்று நாம் வாதாடவில்லை. நான்காண்டு ஒப்பந்தத்தில் நமக்கும் குறைகள் தெரிகின்றன. அந்தக் குறைகளை அவன் முன் வைத்து, நீ முடிவு செய் என்று விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

அதே பிள்ளையை எட்டாம் வகுப்பு விடுமுறையில் பிசிறு வெட்ட அனுப்பியபோது அவனிடம் யார் கேட்டார்கள்? பதினாறு வயதில் கைமடிக்கு நிறுத்தியபோது எந்தத் தாய் அழுதுகொண்டு மதரஸா வாசலுக்கு வந்தார்? ஒன்றரை ஷிப்ட், சில நாள் இரண்டு ஷிப்ட். கண் சிவந்து வரும் பிள்ளையின் தட்டில் சோற்றை வைத்துவிட்டு, 'நம்ம தொழில் அதுதானே' என்கிறோம். நான்கு ஆண்டுகளை அரசு கேட்டால் அது கொடுமை. நாற்பது ஆண்டுகளை நாம் கேட்காமலே எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் என்ன? 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது நம் ஊரில் எத்தனை ஆர்டர்கள் நின்றன என்பது உங்களுக்குத் தெரியும். நாம் நிரந்தரம் என்று நம்பிப் பிள்ளைகளை ஒப்படைத்த தொழில் அப்படித்தான் ஆட்டம் கண்டது.

இதைச் சொன்னால் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஏழ்மையைப் பழிக்கிறீர்களா என்பார்கள். வறுமைக்காகப் பிள்ளையின் உழைப்பை வாங்குவோரை நாம் பழிக்கவில்லை. வீடு கட்டி மாடியும் எழுப்பிவிட்ட பின்னும் பிள்ளையைப் படிக்க அனுப்பாதவர்களைப் பார்த்துத்தான் கேட்கிறோம்.

மார்க்கம் இதில் நம்மைவிட மென்மையானது. உஹது நாளில் பதினான்கு வயது இப்னு உமர் (ரலி) முன்வந்து நின்றார். நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப்போரின்போது பதினைந்து வயது, அனுமதித்தார்கள். வயது பார்த்தார்கள், அவருடைய விருப்பமும் முன்னே நின்றது. தவ்பா அத்தியாயம் பலவீனர், நோயாளர், செலவுக்கு வழியற்றவர் ஆகியோர் மீது குற்றமில்லை என்கிறது. எல்லோரும் ஒருசேரப் புறப்பட்டுவிடாமல் ஒரு பிரிவினர் மார்க்கக் கல்வியில் ஈடுபடட்டும் என்று அதே அத்தியாயத்தின் 122ஆம் வசனம் வழிகாட்டுகிறது. ஊர் முழுவதையும் ஒரே அச்சில் வார்க்க அங்கே இடமில்லை. (மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்ற வசனத்தைச் சிலர் இதற்கு எடுத்தாள்கிறார்கள். அது ஈமானைப் பற்றியது. ராணுவ வேலைக்கு அதை இழுப்பது பொருத்தமில்லை.)

ஆகவே, நாளை அரசு உண்மையாகவே கட்டாயச் சேவைக்கு ஒரு மசோதா கொண்டுவருமானால் நாம் எதிர்க்க வேண்டும். ஒளிந்து நின்று, வாட்ஸ்அப்பில் புலம்பி, விசா வாங்கி வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பி எதிர்ப்பது எதிர்ப்பாகாது. ஜமாஅத்தின் முத்திரையோடு நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுத வேண்டும். அதிலும் நம் பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்று எழுதக்கூடாது. பக்கத்து வீட்டு முருகேசனின் மகனையும், பீகாரிலிருந்து வந்து நம்மோடு தைக்கும் சகோதரனின் தம்பியையும் அவர்கள் விருப்பமின்றி அழைக்காதீர்கள் என்று எழுத வேண்டும். அப்படி எழுதும் கை, வீட்டில் மகனின் விருப்பத்தையும் கேட்ட கையாக இருந்தால்தான் அந்தக் கடிதத்துக்கு எடை இருக்கும்.

அந்தத் தம்பி இப்போதும் ஓவர்லாக்கில்தான் இருக்கிறான். வயது வரம்பைக் கடந்துவிட்டான். நம்மைக் கண்டால் முன்போலவே ஸலாம் சொல்கிறான். அதுதான் நமக்குக் கனக்கிறது. அவனுடைய இளவல் பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறான். விடுமுறையில் செக்கிங்கிற்கு ஓர் ஆள் வேண்டுமென்று கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறார்களாம். தாய் வந்து, "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார். இம்முறை அவனை அழைத்து, உனக்கு என்ன செய்ய விருப்பம் என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதுவரை யாரும் கேட்டதில்லையே என்றான்.

"யோசிச்சுச் சொல்றேன் ஹஜ்ரத்."

வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.