ஸ்டார் வார்ஸ்: புதுசா பார்ப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

'ஸ்டார் வார்ஸ்' பார்க்கலாம்னு உட்கார்ந்தால் முதல் குழப்பமே நம்பரில்தான். 1977-ல் வெளியான முதல் படம், கதைப்படி 4-ஆம் பாகம். அதற்கு முந்தைய கதையான 1, 2, 3-ஆம் பாகங்கள் 1999, 2002, 2005-ல்தான் வந்தன.

1-லிருந்தே பார்த்தால் என்ன?

கதை புரியும். ஆனால் 1980-ல் வந்த 5-ஆம் பாகத்தின் பெரிய திருப்பம் காலி! அந்த ரகசியத்தை 3-ஆம் பாகம் முன்கூட்டியே போட்டு உடைத்துவிடும்.

அப்போ எது சரியான வரிசை?

முதல் முறை பார்ப்பவர்களுக்கு, படங்கள் வெளியான வரிசைதான் பாதுகாப்பு. முதலில் 4, 5, 6. பிறகு 1, 2, 3. கடைசியாக, 2015 முதல் 2019 வரை வந்த 7, 8, 9.

'மஷேட்டி' வரிசை என்பது என்ன?

ராட் ஹில்டன் என்ற ரசிகர் 2011-ல் சொன்ன வழி: 4, 5, 2, 3, 6. திருப்பம் வந்ததும் ஃப்ளாஷ்பேக் மாதிரி 2, 3 ஓடும். பிறகு 6-ல் முடிவு. 1-ஆம் பாகத்தை அவர் கழற்றிவிட்டார்.

அவ்வளவு நேரம் இல்லையே?

4, 5, 6 மட்டும் போதும். 1983-ல் வந்த 6-ஆம் பாகத்தோடு அந்தக் கதை முழுசா முடிகிறது. பிடித்திருந்தால் அடுத்து 'ரோக் ஒன்' (2016) பார்க்கலாம். 4-ஆம் பாகம் தொடங்கும் இடத்தில் கொண்டுபோய் விடும்.

கதை நடக்கும் வரிசையில் பார்க்க ஆசையா? அதை இரண்டாவது ரவுண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த அதிர்ச்சி ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும்.