மாவு இருக்கு, பேச்சு எங்கே?

நம்ம வீட்டுப் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் ஆனதுன்னு சேலம் பக்கத்து உழவருக்குச் சொல்லவே வேண்டாம். அங்கே அந்தத் தொழில் வேர்பிடித்தது 1940-களில், உலகப்போரால் தென்கிழக்கு ஆசியச் சரக்கு நின்றபோதுதான். அதுவரை கப்பலில் வந்தது சாகு மரத்து மாவு. பனை இனம், மரத்தின் தண்டுச் சோறுதான் மாவு.

அந்த மரத்தை நம்பி வாழ்ந்த மக்களில் ஒரு கூட்டம்தான் மெலனாவ். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் முக்கா, ஓயா, டாலாட், மாத்து எனக் கடலோரச் சதுப்பு நிலங்களில் இருக்கிறார்கள். சாகு வெட்டுக்கு வர 10 முதல் 15 ஆண்டு ஆகும். பூக்கும் முன்னே சாய்க்கணும், விட்டால் மாவெல்லாம் பூவுக்குப் போயிடும். சாய்த்த இடத்தில் வாழை மாதிரியே பக்கக் கன்று எழும்பும். உழவு இல்லை, உரம் இல்லை. இயற்கை வேளாண்மைன்னு பேர் வைக்கும் முன்பே அவர்கள் செய்துகொண்டிருந்தது இது.

ஆற்றுக்கு ஆறு அவர்கள் பேச்சும் மாறும். வீட்டுக்கு வீடுகூட ஒரு சாயல் உண்டு. இப்போது பிள்ளைகள் சிபு, பின்டுலு, கூச்சிங் என்று வேலைக்குப் போய், பள்ளியிலும் கடையிலும் மலாய், ஆங்கிலம். பாட்டி மெலனாவில் கேட்டால் பேரன் மலாயில் பதில் சொல்கிறான். ஊர்ப் பக்கம் சதுப்பை வடித்து எண்ணெய்ப் பனை வைத்த இடங்களில் சாகுவும் போச்சு. முன்பெல்லாம் தண்டைத் துருவி, பாயில் போட்டு, ஆற்றுத் தண்ணி ஊற்றிப் பெண்கள் மிதித்து மாவெடுப்பார்கள். இன்று அது ஆலை வேலை. மிதிக்கிற ஆள் இல்லாதபோது அந்த வேலைக்கான சொல்லை யார் சொல்வார்?

மிச்சம் இருப்பது அடுப்பங்கரை. சாகு மாவு, தேங்காய்த் துருவல், முட்டை, சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, வாழையிலையில் மெல்லிசாகப் பரப்பி, சதுரமாகக் கீறி, மொறுமொறுன்னு சுட்டெடுப்பது தெபாலோய். சுடும்போது தேங்காய் வாசனை தெருமுனை வரை வரும். இப்போது கடையில் விதவிதமான சுவையில் பொட்டலமாக விற்கிறது. வாங்கித் தின்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பொட்டலத்தைப் பிரிக்க எந்த மொழியும் வேண்டாம். வீட்டில் சுட்டால்தான் “இன்னும் கொஞ்சம் மெல்லிசா”, “ஓரம் கருகுது பார்” என்று பத்து பேச்சு பேசியாகணும். கை மாவில் இருக்கும்போது வாய் தானாக வீட்டுப் பேச்சுக்குத் திரும்பும்.

முக்காவில் ஆண்டுக்கொருமுறை காவுல் விழா நடக்குது. விழாவும் வேணும், அகராதியும் வேணும். ஆனால் விதையைக் குளிர்பெட்டியில் வைப்பதற்கும் வயலில் விதைப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். மொழிக்கு வயல் அடுப்பங்கரைதான் என்பேன். ஊருக்கு வரும் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருநாள் தெபாலோய் சுடட்டும். பிசைவதிலிருந்து கடைசித் துண்டு வரை வீட்டுப் பேச்சு மட்டும். மலாயில் கேட்டால் துண்டு கிடையாதுன்னு பாட்டி கறாராகச் சொல்லிட்டால், அடுத்த ஈடு வேகும் முன்னே பையன் சரியான பேர் சொல்லிக் கேட்பான்.